தோல்வியே காணாத மருந்து

வீட்டில் இருமல் மருந்துப் புட்டி இருந்தால் எடுத்து, அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் அச்சிட்ட பெயர்களுள் ‘குவாய்ஃபெனெசின்’ என்பதும் ஒன்றாக இருக்கக்கூடும். நெஞ்சில் கட்டிய சளியை இளக்கி வெளியேற்றுவதற்காகச் சேர்க்கப்படும் பொருள் இது. அமெரிக்காவில் 1952-ஆம் ஆண்டிலேயே அனுமதி பெற்றது. இன்று அங்கு டாக்டரின் சீட்டு இல்லாமலே இதைக் கடையில் வாங்கலாம்.

இந்த எளிய மருந்து, ஆண்டுக்கணக்கில் உடல் வலியாலும் களைப்பாலும் வாடுவோரின் நோயைத் தீர்க்கும் என்று ஒருவர் கூறினால் நம்புவீர்களா? அமெரிக்காவில் நம்பினார்கள். நம்பிப் பல ஆண்டுகள் விழுங்கியவர்களும் உண்டு. அந்தக் கதையைச் சற்று நிதானமாக ஆராய்வோம். கதை அந்நாட்டினுடையது என்றாலும், வலிக்கும் முழங்காலுடன் மருந்துக் கடை வாசலில் நின்று, “இதையும் வாங்கிப் பார்க்கலாமா?” என்று யோசிக்கும் எவருக்கும் அதில் பாடம் உண்டு.

பெயர் தெரியாத துன்பம்

நோயின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, தொடை என்று உடலெங்கும் வலி. இரவு முழுதும் உறங்கினாலும் காலையில் அடித்துப் போட்டாற் போன்ற அசதி. அத்துடன் மறதி, கவனக் குறைவு. நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு இது இருக்கலாம் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெண்களே மிகுதி.

ஆனால் இரத்தத்தைச் சோதித்தால் குறை தெரிவதில்லை. எக்ஸ்ரே படத்திலும் கோளாறு இல்லை. ஆகவே, “உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை” என்ற சொல்லை நோயாளிகள் வீட்டிலும் கேட்டார்கள், மருத்துவமனையிலும் கேட்டார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது எவ்வளவு உண்மை! 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு, உடலில் 18 இடங்களைக் குறித்து, உடல் பரவலாக வலிப்பதோடு அவற்றுள் 11 இடங்களிலேனும் அழுத்தும்போது வலித்தால் இந்நோய் எனக் கொள்ளலாம் என்று ஓர் அளவுகோலை வகுத்தது. பிறகு 2010-இல், நோயாளி கூறும் வலி, அசதி, உறக்கக் குறை ஆகியவற்றையே கணக்கிடும் புதிய முறை வந்தது. வலியை உணர்த்தும் நரம்பு மண்டலம் சிறு தூண்டலையும் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பது இன்றைய கருத்து. ஒலித் திருகு உச்சத்தில் சிக்கிக் கொண்ட வானொலிப் பெட்டியை நினைத்துக் கொள்ளுங்கள்.

எனவே ஒன்றை முதலிலேயே சொல்லி விடுவோம். வலி மெய்யானது. அதற்கு மருந்து தேடுவதும் நியாயமானது. நாம் இங்கே குறை காணப் போவது நோயாளியிடம் அன்று. அவர் கையில் கொடுக்கப்பட்ட விளக்கத்தில்.

பற்காரையில் பிறந்த கொள்கை

லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில், நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்கு மருத்துவம் செய்தவர் டாக்டர் பால் செயின்ட் அமண்ட். யூரிக் அமிலம் மிகுவதால் வரும் மூட்டுவலிக்காக மருந்துண்ட நோயாளி ஒருவர், தம் பற்களில் படிந்த காரை பெயர்ந்து விழுவதாக 1950-களின் இறுதியில் அவரிடம் கூறினாராம். பற்காரையில் கால்சியம் பாஸ்பேட் உண்டு. அந்த மருந்தோ யூரிக் அமிலத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது. அப்படியானால் பாஸ்பேட்டையும் வெளியேற்றுகிறதோ? உடலில் பாஸ்பேட் தேங்கி நிற்பதுதான் வலிக்கும் களைப்புக்கும் காரணமோ? டாக்டரின் சிந்தனை இவ்வழியே சென்றது.

முதலில் யூரிக் அமில மருந்துகளையே கொடுத்துப் பார்த்தார். பின்னர், யூரிக் அமிலத்தைச் சிறிதளவு குறைக்கும் இயல்புள்ள குவாய்ஃபெனெசினுக்கு மாறினார். உங்கள் மருத்துவர் உங்களுக்குச் சொல்லாமல் விடக்கூடியவை என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 1999-இல் அவர் எழுதிய நூல், இம்முறையை நாடெங்கும் பரப்பியது.

இதுவரை குறை கூற ஒன்றுமில்லை. கருதுகோள்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஒரு சிறு நிகழ்ச்சி கண்ணில் படுகிறது, ஒருவர் மட்டும் “ஏன்?” என்று கேட்கிறார். கருதுகோள் எங்கே பிறந்தது என்பது முக்கியமன்று. அது சோதனைக்குத் தலை வணங்குகிறதா என்பதே கேள்வி.

எப்படிப் போனாலும் வெற்றி

சிகிச்சை முறையைக் கவனியுங்கள். மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, படிப்படியாக உயர்த்த வேண்டும். எது வரை? வலி அதிகமாகும் வரை! வலி கூடினால், தேங்கிய கழிவு கிளம்பி வெளியேறுகிறது என்று பொருள். அதுவே சரியான அளவு. வலி குறைந்தால் குணமாகிறது என்று பொருள். ஒரு வாரம் கூடி மறு வாரம் குறைந்தால், உடல் சுற்றுச் சுற்றாகத் தூய்மை அடைகிறது என்று பொருள்.

ஒன்றுமே நேரவில்லை என்றால்? மருந்தின் அளவு போதவில்லை. அளவும் போதுமானது என்றால், நீங்கள் எங்கோ சாலிசிலேட்டைப் பயன்படுத்தி விட்டீர்கள்.

சாலிசிலேட் என்பது ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த பொருள். செடி கொடிகள் பலவும் இதைத் தாமே உண்டாக்குகின்றன. சிறுநீரகத்தில் குவாய்ஃபெனெசின் வேலை செய்யாதபடி இது தடுத்து விடும் என்பது டாக்டரின் வாதம். ஆதலால் புதினா மணக்கும் பற்பசை ஆகாது. தாவர எண்ணெய் சேர்ந்த உதட்டுச் சாயமும் முகப் பூச்சும் ஆகா. தோட்ட வேலை செய்தால் கையுறை அணிய வேண்டும். ஆனால் உணவில் வரும் சாலிசிலேட்டுக்குத் தடையில்லை. கல்லீரல் அதை முறித்து விடுமாம். நாம் நாள்தோறும் உண்ணும் மஞ்சளிலும் சீரகத்திலும் சாலிசிலேட் தாராளமாக உள்ளது. குழம்பு கெடுக்காத மருந்தை உதட்டுச் சாயம் கெடுத்து விடுமா? இதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி ஒரு தாளை எடுத்து இரு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் நோயாளிக்கு என்ன நேரலாம் என்பதை எழுதுங்கள்: வலி குறைந்தது, கூடியது, மாறி மாறி வந்தது, அப்படியே இருந்தது. வலப்பக்கம் கொள்கை தரும் விளக்கத்தை எழுதுங்கள். நான்கிலும் மருந்து தேறி விடுகிறது. நான்காவதில் மட்டும் ஒருவர் தவறியிருக்கிறார், அவர் நோயாளி!

ஒரு கூற்றை அறிவியல் கூற்று என அழைக்க வேண்டுமானால், அது பொய்யாகக் கூடிய சந்தர்ப்பம் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்று கார்ல் பாப்பர் 1934-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். ஐன்ஸ்டீனின் கொள்கை, விண்மீன் ஒளி சூரியனருகே இவ்வளவுதான் வளையும் என்று முன்கூட்டியே அளவு கூறியது. 1919-ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது அளந்து பார்த்தார்கள். அளவு பொருந்தாதிருந்தால் கொள்கை வீழ்ந்திருக்கும். அந்தத் துணிவை நாம் ஒரு மாத்திரையிடமும் எதிர்பார்க்கலாம் அல்லவா?

ஓராண்டுச் சோதனை

ஒரு மருத்துவர் அந்தத் துணிவோடு இம்மருந்தைச் சோதித்தார். ஆரகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் இந்நோயை ஆராய்ந்து வந்த டாக்டர் ராபர்ட் பென்னெட்டும் அவர் குழுவினரும், நோயுற்ற 40 பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு நாளுக்கு இரு வேளை 600 மில்லிகிராம் குவாய்ஃபெனெசின். மற்றதற்கு அதே தோற்றமுள்ள, மருந்தில்லாத வெற்று மாத்திரை. எது யாருக்குப் போகிறது என்பது உண்பவருக்கும் தெரியாது. சோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. இதனை இரட்டை மறைப்புச் சோதனை என்பர். ஓராண்டு நடந்த இச்சோதனையின் முடிவு 1996-இல் வெளியாயிற்று.

இரு பிரிவுகளுக்கும் இடையே பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பேட், யூரிக் அமில அளவுகளையும் பார்த்தார்கள். கொள்கை எதிர்பார்த்த மாற்றம் அங்கும் இல்லை.

செயின்ட் அமண்ட் என்ன சொன்னார்? சோதனையில் கலந்து கொண்டவர்கள் பூச்சுகள் வழியே வந்த சாலிசிலேட்டைத் தவிர்க்கவில்லை. அதனால்தான் மருந்து பலிக்கவில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் நினைவுக்கு வருகிறது. எனினும் அவருக்கும் நீதி வழங்குவோம். 40 பேர் என்பது சிறிய தொகையே. அவருடைய மறுப்பும் சோதித்துப் பார்க்கக் கூடியதுதான். சாலிசிலேட்டை அறவே விலக்கி, இன்னும் பெரிய சோதனையை நடத்தி வென்று காட்டியிருக்கலாம். ஒரு மருந்து பயனுள்ளது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைப் பரிந்துரைப்பவருக்கே உரியது. அந்தப் பொறுப்பு நிறைவேற்றப்படவில்லை.

“எனக்குக் குணமாயிற்றே!”

“உங்கள் சோதனை கிடக்கட்டும், எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் குணமாயிற்றே!” என்று நீங்கள் கேட்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எதனால் குணமாயிற்று என்பது அவருக்கும் தெரிய வழியில்லை.

கடையில் எளிதாகக் கிடைக்கும் வேறொரு மருந்தின் கதை இதை விளக்கும். மூட்டுத் தேய்வுக்கு விற்கப்படும் குளுக்கோசமைனை அமெரிக்க அரசின் பொருளுதவியோடு 1,583 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2006-இல் வந்தது. 24 வாரங்களில் முழங்கால் வலி ஐந்தில் ஒரு பங்கேனும் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். குளுக்கோசமைன் உண்டவர்களில் 64 விழுக்காடு. நல்ல மருந்து என்று மகிழ்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்! வெற்று மாத்திரை உண்டவர்களில் 60 விழுக்காடு! இடையிலுள்ள நான்கு விழுக்காடு, தற்செயலாகவே நேரக்கூடிய வேறுபாடு.

வெற்று மாத்திரைக்கு இவ்வளவு ஆற்றலா? காரணங்கள் பல. நாட்பட்ட வலி கடல் அலை போல ஏறி இறங்குவது. நாம் மருந்து வாங்க ஓடுவதோ அலை உச்சியில் இருக்கும்போது. அடுத்து அது தானாகவே இறங்கும்; பெயர் மருந்துக்குப் போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தாற் போலத்தான். நம்பிக்கையும் வலியுணர்வைத் தணிக்க வல்லது. இத்துடன், புதிய மருந்தைத் தொடங்குபவர் வழக்கமாக உறக்கத்திலும் உணவிலும் கவனம் வைக்கிறார். இவற்றையெல்லாம் பிரித்தறிய, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு வேண்டும். தனி ஒருவர் தம்மிடமே அதைச் செய்து பார்ப்பது அரிது.

நட்டம் யாருக்கு?

“பலித்தால் பலிக்கட்டும், போனால் இருமல் மருந்துதானே!” என்பாரும் உண்டு. இந்த மருந்தை அளவுக்கு மீறி நெடுநாள் உண்ட சிலருக்கு, மருந்தின் சிதைவுப் பொருளாலேயே ஆன சிறுநீரகக் கற்கள் தோன்றியதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. நம் ஊர் இருமல் மருந்துப் புட்டிகளிலோ குவாய்ஃபெனெசின் பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்துகளும் உடன் இருக்கும். அவற்றை மிகுதியாக உண்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இக்கட்டுரையைப் படித்து எவரும் அந்தப் புட்டியை வலிக்காக எடுத்து விட வேண்டாம்!

இதைவிடப் பெரிய நட்டம் வேறு உண்டு. உடல் வலிக்கும் களைப்புக்கும் இரத்தச் சோகை, தைராய்டு குறைவு, நீரிழிவு ஆகியவை காரணமாக இருக்கலாம். எளிய சோதனையில் இவை தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு. “வலி கூடுவது நல்ல அறிகுறி” என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர் அந்த வாய்ப்பை இழக்கிறார்.

எல்லாவற்றையும் விட வருந்தத்தக்கது ஒன்று. “எல்லாம் மனப்பிரமை” என்று ஒரு மருத்துவர் விரட்டினார். நம்பி வந்த இடத்தில், “நீங்கள் எதையோ பூசிக்கொண்டு விட்டீர்கள்” என்கிறார்கள். இரண்டு இடத்திலும் குற்றவாளி நோயாளியே. குளியலறை அலமாரியில் ஒவ்வொரு புட்டியாக எடுத்து, ‘எது என் உடம்பைக் கெடுத்தது?’ என்று தேடிக் கொண்டிருக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

வாங்கும் முன் மூன்று வரி

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. 2016-இல் வெளியான ஐரோப்பிய நிபுணர்களின் பரிந்துரைகளில், தக்க சான்றுடன் உறுதியாகச் சொல்லப்பட்டது உடற்பயிற்சி ஒன்றே. சிறுகத் தொடங்கி, உடல் ஏற்கும் அளவுக்குக் கூட்டிச் செல்வது அது. டாக்டர் எழுதித் தரும் சில மருந்துகளும் உண்டு. அமெரிக்க அரசு இந்நோய்க்கென முதன்முதலில் அனுமதித்தது 2007-இல் பிரிகாபலினை. அதுவும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலிப்பவர்களுக்கும் வலி முற்றிலும் நீங்குவது அரிது. இதை ஒளிக்காமல் சொல்கிறார்கள் என்பதே அதன் சிறப்பு.

அப்படியும் கடை மருந்து ஒன்றை முயன்று பார்ப்பதென்று நீங்கள் முடிவு செய்தால், முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறகு, முதல் மாத்திரையை விழுங்கும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். எனக்கு எது குறைய வேண்டும்? எந்தத் தேதிக்குள்? என்ன நேர்ந்தால் இதை நிறுத்தி விடுவேன்?

மூன்றாம் வரியை எழுத முடியாதபடி எந்த மருந்தாவது, எந்த நூலாவது, எந்த மனிதராவது உங்களைத் தடுத்தால், அந்த மருந்தை வாங்காதீர்கள். தோற்பதற்கே வழியில்லாத மருந்து வென்றதா என்று யாரும் சொல்ல முடியாது. அதன் தோல்விகள் எல்லாம் கடைசியில் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.