ஏறிடுச்சாமா, ஏறிடுச்சா?

மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி போட்டவர்கள் பொழுது விடிவதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இன்றைக்குப் பறிப்பதா, இன்னும் ஒரு நாள் செடியில் விடுவதா? டீக்கடையில் ஒரு பையன், "ஏண்ணா, ராயக்கோட்டையில வெல ஏறிடுச்சாமே?" என்று ஆரம்பிப்பான். அனுபவப்பட்டவர் உடனே பறிக்கிற ஆட்களைக் கூப்பிட மாட்டார். "ஏறிடுச்சாமா, ஏறிடுச்சா?" என்று திருப்பிக் கேட்பார். "மச்சான் சொன்னாரு." "அவரு மண்டிக்குப் போயிருந்தாரா?" பேச்சு அங்கே நிற்கும். பையன் போனை எடுத்து மண்டியிலேயே விசாரிப்பான்.

சொல்லப்படுவதும் உள்ளதும் ஒன்றா என்ற இந்தக் கேள்வியையே அடித்தளமாக வைத்து 1933இல் ஒரு தடித்த நூல் வந்தது. எழுதியவர் போலந்தில் பிறந்த ஆல்பிரட் கோர்சிப்ஸ்கி. நூல் 'சயன்ஸ் அண்ட் சானிட்டி'. 1938இல் சிகாகோவில் இதற்கென்றே ஒரு நிறுவனமும் தொடங்கினார். தம் துறைக்கு அவர் வைத்த பெயர் ஜெனரல் செமான்டிக்ஸ். மனிதர்கள் சொல்லைப் பொருளாகவே எடுத்துக்கொள்கிறார்கள், வரைபடத்தை நிலமென்று நம்பி நடக்கிறார்கள், பெரும்பாலான சண்டைகளும் தப்பெண்ணங்களும் இங்கேதான் பிறக்கின்றன என்பது அவர் வாதம். பேசும் முறையைத் திருத்தினால் நினைக்கும் முறை திருந்தும் என்றார். இந்த வாதம் நம் மொழியில், நம் ஊரில் எவ்வளவு தூரம் செல்லும்?

வரைபடம் வேறு, நிலம் வேறு என்பதற்கு எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களே சாட்சி. எழுத்தில் மாரண்டஹள்ளி என்றும் மாரண்டஅள்ளி என்றும் இருக்கிறது, வாய்ப்பேச்சில் மாரண்டள்ளி. மூன்றும் ஒரே ஊர். அருகிலுள்ள பஞ்சப்பள்ளியின் 'பள்ளி'யும் இந்த 'ஹள்ளி'யும் ஒரே சொல்தான். பழைய கன்னடத்தின் பகரம் பின்னாளில் ஹகரமானது. எழுத்தைக் காட்டி ஊர் யாருடையது என்று வாதாடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோர்சிப்ஸ்கி தந்த கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது தேதி போடுவது. எதைப் பற்றிப் பேசினாலும் எப்போதைய நிலை என்பதைச் சேர்த்துச் சொல்லச் சொன்னார். தக்காளிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய அதே தக்காளி, வேறொரு பருவத்தில் பறிகூலிக்குக் கட்டாமல் செடியிலேயே விடப்படுகிறது. தேதி இல்லாத 'தக்காளி விலை' என்று ஒன்று உலகத்தில் இல்லை. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறோம்.

நூலின் மூளை பற்றிய விளக்கங்கள் நிற்கவில்லை. அறிவியல் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1952இலேயே ஜெனரல் செமான்டிக்ஸைப் போலி அறிவியல்களின் வரிசையில் வைத்து விமர்சித்தார். அந்தப் பகுதிகளை ஒதுக்கிவிடலாம். எனக்குள்ள பெரிய சந்தேகம் வேறு. அவருடைய வழியில் வந்த டேவிட் போர்லண்ட் 1965இல் ஒரு மருந்து சொன்னார்: ஆங்கிலத்தில் 'இஸ்' முதலிய வினைகளை அடியோடு விட்டுவிட்டு எழுதுங்கள், ஒருவரை ஒரு பட்டத்தோடு ஒட்டும் பழக்கம் போய்விடும். தமிழில் இந்த மருந்து செல்லாது. "அவன் திருடன்" என்ற வாக்கியத்தில் நீக்குவதற்கு வினையே இல்லை. ஆளும் பட்டமும் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்கின்றன.

அப்படியானால் தமிழுக்கு என்ன வழி? நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொழிலை ஒட்டிவரும் பெயர்களைத் தவிர மற்றப் பெயர்ச்சொற்கள் காலம் காட்டா என்கிறது தொல்காப்பியம். 'திருடன்' என்பதற்குக் காலம் கிடையாது. ஒருமுறை ஒட்டினால் சாகிறவரை ஒட்டியிருக்கும். 'திருடினான்' என்று வினையாக்கிப் பாருங்கள். எப்போது, எதை, யார் பார்த்தது என்ற கேள்விகள் தாமே வந்து நிற்கும். 'மக்குப் பையன்' என்பதை 'போன பரீட்சையில் கணக்கில் 12 வாங்கினான்' என்று மாற்றினால் அடுத்த பரீட்சைக்கு இடமிருக்கிறது. கோர்சிப்ஸ்கியின் தேதி இங்கே வினைமுற்றுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இன்னொன்று, 'ஏறிடுச்சாமே' என்பதில் ஒட்டியிருக்கும் அந்த 'ஆம்'. கண்டது வேறு, கேட்டது வேறு என்பதை ஒரே அசையில் பிரித்துக்காட்டும் வசதி ஆங்கிலத்துக்கு இல்லை. மணிமேகலை அளவைகள் பத்தைப் பட்டியலிடும்போது காண்டலைத் தனியாகவும், வழிவழியாகச் சொல்லப்படுவதாகிய ஐதிகத்தைத் தனியாகவும் வைக்கிறது. இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. ஆனால் பேச்சில் ஒட்டியிருக்கும் 'ஆம்', கைபேசியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும்போது உதிர்ந்துவிடுகிறது. 'வந்திருக்கிறார்களாம்' என்பது 'வந்திருக்கிறார்கள்' ஆகிவிடுகிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி ஒரு கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் கடத்தல் வதந்திகள் ஊர் ஊராகப் பரவியிருந்தன. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் மறுபகிர்வுகளுக்கு 'ஃபார்வேர்டட்' என்ற முத்திரை போடத் தொடங்கியது. அந்த முத்திரை செய்வது நம் 'ஆம்' காலகாலமாகச் செய்துவந்த வேலைதான்.

இதுவரை கோர்சிப்ஸ்கியின் பக்கம் நான் நிற்கிறேன். ஆனால் அவர் வாதம் முறியும் இடமும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் வரைபடத்தை நிலம் என்று குழப்பிக்கொள்ளவில்லை. எது யாருடைய வீடு என்று நன்றாகத் தெரிந்தே செய்தார்கள். தலித் குடியிருப்புகளைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல்லும் அப்படித்தான். அதைச் சொல்கிறவருக்கு அர்த்தத்தில் தெளிவுக் குறைவு ஏதுமில்லை. அது வேலி போடும் சொல். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததை வரவேற்கிறேன். முகவரி எழுதும்போது ஒரு பிள்ளை கூசாமல் இருப்பது சிறிய விஷயம் இல்லை. ஆனாலும் சுடுகாட்டுப் பாதையும் தண்ணீர்க் குழாயும் தனியாக இருக்கிற ஊரில், பெயர்ப்பலகை மட்டும் மாறினால் புதுப் பெயரும் பழைய வேலியையே குறிக்கத் தொடங்கும்.

ஆகவே என் முடிவு இது. தவறுதலாக நம்புகிறவரைத் திருத்த இந்த முறை வலிமையானது. தெரிந்தே வதைப்பவரிடம் இது செல்லாது, அங்கே சட்டமும் போராட்டமும்தான் வேண்டும். முதல் வேலைக்குத் தமிழருக்கு அந்த ஆங்கில நூல் கட்டாயமில்லை. கருவிகள் நம் மொழியிலேயே கிடக்கின்றன. தமிழாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரம் ஒருமுறை, கைபேசியில் வந்த ஒரு செய்தியைக் கரும்பலகையில் எழுதுங்கள். எது கண்டது, எது கேட்டது, எது ஊகம் என்று பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். 'ஆம்' உதிர்ந்த இடங்களில் அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள்.