‘முதலில் மொழியைக் கற்றுக்கொண்டு வாருங்கள்’: ஃபின்லாந்தின் தொழில் வழிகாட்டலில் மொழி கற்றல் – ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: ஃபின்னிய மொழி, குடிபெயர்ந்தோர், தொழில் வழிகாட்டல், இரட்டை வழக்கு, ஆற்றுப்படை

முன்னுரை

வேறு நாட்டிலிருந்து வந்து ஃபின்லாந்தில் வேலை தேடும் ஒருவருக்கு மிக எளிதில் கிடைக்கும் அறிவுரை, ‘முதலில் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்பதாகும். இது பிழையான அறிவுரை அன்று. ஆயினும் எந்த வேலைக்கு, எந்த வகை மொழி, யாரோடு பேசிக் கற்பது என்னும் வினாக்களுக்கு இதனுள் விடை இல்லை. அவற்றுக்கு விடை காண்பதே தொழில் வழிகாட்டலின் பணி என்பதும், அப்பணியை மொழி வகுப்பிடம் முழுவதுமாக ஒப்படைத்துவிடும் போக்கு குடிபெயர்ந்தோரின் காலத்தை வீணாக்குகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

குடிபெயர்ந்தோரின் ஒருங்கிணைவுக்கென ஃபின்லாந்து 1999இலேயே சட்டம் இயற்றியது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இப்போதைய சட்டம் 2025 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதே நாளில் வேலைவாய்ப்புச் சேவைகளும் அரசு அலுவலகங்களிடமிருந்து நகராட்சிகளின் பொறுப்புக்கு மாறின. எனவே மொழி, வேலை, வழிகாட்டல் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே கூரையின்கீழ் வந்துள்ளன. மூன்றையும் மூன்று தனி மேசைகளாக வைத்திருப்பதற்கு இனி நிருவாகக் காரணம் கூற இயலாது.

நிலை என்னும் வாயில்

ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட பொது மொழிச் சட்டகம் மொழித்திறனை ஆறு நிலைகளாகப் பகுத்தது. ஃபின்லாந்தின் தேசிய மொழித்தேர்வும் ஆறு நிலைகளைக் கொண்டது. அதன் மூன்றாம் நிலை ஐரோப்பியச் சட்டகத்தின் பி1 நிலைக்கு இணையானது. குடியுரிமைக்கும் அந்நிலையே அளவுகோல். ஒருங்கிணைவுப் பயிற்சியின் இலக்கும் அதுவே. இதனால் ‘பி1’ என்பது வழிகாட்டல் உரையாடல்களில் ஒரு வாயிற்காவலனாக நின்றுவிட்டது. அதைக் கடந்தவர் தகுதியுடையவர், கடவாதவர் காத்திருக்க வேண்டியவர்.

சட்டகம் இந்நோக்கத்துக்காக உருவானதன்று. ஒருவர் ஒரு மொழியில் எதைச் செய்ய வல்லவர் என்பதை விவரிப்பதே அதன் இயல்பு. கேட்டலில் மேல்நிலையும் எழுதுதலில் கீழ்நிலையும் கொண்டவராக ஒருவர் இருக்கலாம் என்பதை அது ஏற்கிறது. முதியோர் இல்லத்தில் பணிபுரிபவருக்குக் குரலின் நடுக்கத்தையும் அரைகுறைச் சொற்களையும் புரிந்துகொள்ளும் செவி முதன்மையானது. பணிமாற்றக் குறிப்பு எழுதுவது அடுத்தது. கிடங்கில் பணிபுரிபவருக்கோ பாதுகாப்பு அறிவிப்புகளை வாசிக்கத் தெரிந்தாக வேண்டும். இவ்விருவரையும் ஒரே எழுத்தும் எண்ணும் கொண்டு அளப்பது வழிகாட்டுநருக்கு எளிது. வேலை தேடுபவருக்கு அதனால் பயன் சிறிது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இத்தேசியத் தேர்வின் இடைநிலைப் பேச்சுப் பகுதியில் தேர்வர் செவிப்பொறி அணிந்து, பதிவு செய்யப்பட்ட வினாக்களுக்கு விடை கூறுகிறார். எதிரில் மனிதர் இல்லை. ‘புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்’ என்று கேட்கும் திறன் பணியிடத்தில் நாள்தோறும் தேவைப்படுவது. அதற்கு அங்கு இடமில்லை.

வேலையே ஆசிரியரா?

‘ஏதேனும் ஒரு வேலையில் சேருங்கள், மொழி தானே வந்துவிடும்’ என்பது இதன் மறுதலை. கேட்பதற்கு நடைமுறை அறிவு போலத் தோன்றினும் இதுவும் ஆராயத்தக்கதே. இரவில் ஆளற்ற அலுவலகத்தைத் துப்புரவு செய்பவர் யாரிடம் பேசுவார்? உணவக அடுக்களையில் தம் நாட்டவரோடு மட்டுமே பணிபுரிபவருக்கு ஃபின்னிய மொழி சுவருக்கு அப்பால் ஒலிக்கும் ஓசையாகவே எஞ்சும். தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருப்பவரின் நிலை வேறு: அங்கு ஆங்கிலம் போதுமானதாக இருப்பதால், வேலை போகும்வரை ஃபின்னியத்தின் தேவையே அவருக்குத் தெரிவதில்லை. தெரியும்போது காலம் கடந்திருக்கும். 2025 சூன் முதல், பணி அடிப்படையிலான வதிவிட உரிமம் பெற்றோர் வேலை இழந்தால் பொதுவாக மூன்று மாதங்களுக்குள்ளும், சிறப்பு வல்லுநர் போன்ற சிலர் ஆறு மாதங்களுக்குள்ளும் புதிய வேலை தேடிக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்தில் எவரும் ஒரு மொழியைக் கற்றுவிட இயலாது. வழிகாட்டல் வேலையில்லாதோருக்கான சேவையாக மட்டும் அமைந்திருப்பதன் குறை இங்கே வெளிப்படுகிறது.

கனடாவில் குடியேறிய ஐந்து பெண்களை ஆராய்ந்த போனி நார்ட்டன், 1995இல் வெளியிட்ட கட்டுரையில் இச்சிக்கலின் வேரைத் தொட்டார். கற்பவரிடம் ஊக்கம் இருந்தாலும், அவரோடு பேசுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் பெரும்பாலும் பிறரிடமே உள்ளது என்பது அவரது முடிபு. அவர் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் உணவகத்தில் தனித்துச் செய்யும் எளிய பணிகளில் வைக்கப்பட்டிருந்தார்; உடன் பணிபுரிவோரோடு பேசும் வாய்ப்பே அவருக்கு முதலில் வாய்க்கவில்லை. இதை ‘ஊக்கக் குறைவு’ எனப் பதிவு செய்யும் வழிகாட்டுநர் நோயை விட்டு நோயாளியைக் குறை கூறுபவர் ஆவார். அவர் கேட்க வேண்டியது, அவ்வேலையில் ஒரு நாளில் எத்தனை பேரோடு பேச நேர்கிறது, இடைவேளையில் யார் அருகில் அமர்கிறார், தடுமாறும்போது உடன் பணிபுரிவோர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றனரா என்பனவற்றை. ஃபின்லாந்தில் கடைசி வினா மிக இன்றியமையாதது. அம்மாற்றம் பரிவினால் நிகழ்வதே; விளைவோ கற்பவரின் வாயை அடைப்பது.

தமிழர் அறிந்த சிக்கல்

ஃபின்னியத்தின் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபட்டவை. ‘நான் இருக்கிறேன்’ என்பது நூலில் ‘மினா ஒலென்’. ஹெல்சிங்கித் தெருவில் ‘மா ஓன்’. அஃறிணைக்குரிய சுட்டுப்பெயரை மனிதர்க்கும் வழங்குவது அங்குப் பேச்சில் இயல்பு. இரட்டை வழக்கோடு பிறந்து வளர்ந்த தமிழருக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. குறில், நெடில், இரட்டித்த மெய் ஆகியன பொருளை மாற்றும் என்பதும் அவ்வாறே. ‘துலி’ தீ, ‘தூலி’ காற்று, ‘துல்லி’ சுங்கம். நம்மிடம் படு, பாடு, பட்டு. ‘வீட்டில்’ என்பதற்குத் ‘தலொஸ்ஸ’, ‘வீட்டிலிருந்து’ என்பதற்குத் ‘தலொஸ்த’ எனப் பெயரின்பின் உருபு ஒட்டும் முறையும் நமக்குப் புதிதன்று. (கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளை ஃபின்னியம் உள்ளிட்ட ‘சித்திய’ இனத்தோடு உறவுபடுத்த முயன்றதற்கு இத்தகைய ஒப்புமைகளும் காரணம். அவ்வுறவு இன்று ஏற்கப்படுவதில்லை. ஒப்புமையின் கற்பித்தல் பயன் அதனால் குறைவதுமில்லை.)

ஆயினும் ‘உங்களுக்கு என்னென்ன மொழிகள் தெரியும்?’ என்னும் வினா படிவத்தில் ஒரு கட்டமாக நின்றுவிடுகிறது. அவ்விடை ஃபின்னியம் கற்பதற்கு எவ்வாறு உதவும் என்று அடுத்த வினா எழுவதில்லை. வந்தவர் மொழியற்றவராக நடத்தப்படுகிறார். கலேவலாவைத் தமிழாக்கி 1994இல் நமக்களித்த உதயணனும் குடிபெயர்ந்து சென்ற ஈழத்தமிழரே.

வழி அறிந்தவர்

வழிகாட்டலுக்குத் தமிழில் பழமையான சொல் ஆற்றுப்படுத்தல். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை தவிர்த்த நான்கிலும் பரிசில் பெற்று மீளும் கலைஞர் எதிர்வரும் வறிய கலைஞருக்கு வழி சொல்கிறார். மலைபடுகடாம், ‘நன்னனிடம் செல்க’ என்று கூறி நிற்பதில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது என்பன வரை கூறுகிறது. இரண்டு பண்புகள் இங்குக் கருதத்தக்கன: சொல்பவர் அவ்வழியே நடந்தவர், இடர்களை மறைக்காதவர்.

இன்றைய வழிகாட்டலில் இரண்டாவது பண்பே அரிது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர் அக்லக் அகமது, ஒத்த தகுதியும் பிழையற்ற ஃபின்னியமும் கொண்ட 5,000 விண்ணப்பங்களை ஃபின்னிய, ஆங்கில, ரஷ்ய, ஈராக்கிய, சோமாலியப் பெயர்களில் அனுப்பிச் சோதித்தார். நேர்காணல் அழைப்பு மிகுதியாகப் பெற்றவை ஃபின்னியப் பெயர்கள்; மிகக் குறைவாகப் பெற்றவை சோமாலியப் பெயர்கள். மொழி ஒன்றே தடை என்று கூறும் வழிகாட்டுநர், மொழி கற்று முடித்தபின் கதவு திறவாத நாளில் அவரிடம் என்ன கூறுவார்? முன்கூட்டியே கூறினால் கற்பவரின் ஊக்கம் குன்றும் என்பது அவர்கள் தரப்பு வாதம். கவண்கல் உண்டு என்று அறிந்த கூத்தர் எவரும் பயணத்தைக் கைவிட்டதாக மலைபடுகடாத்தில் செய்தி இல்லை.

முதற்பண்புக்கு வழி எளிது. முன்னரே வந்து, அதே தொழிலில் ஃபின்னியம் கற்றுப் பணிபுரியும் ஒருவரை வழிகாட்டல் அமர்வில் உடன் அமர்த்தலாம். அமர்வின் முதற்பத்து நிமிடங்களையேனும் மெதுவான ஃபின்னியத்தில் நடத்தலாம். பணியமர்த்துவோரோடு நகராட்சிகளுக்கு இப்போது நேரடித் தொடர்பு உள்ளது. புதியவருக்கு உரையாடல் துணையாக ஒரு பணியாளரை ஒதுக்கவும், அதற்கான நேரத்தை ஊதியத்தில் சேர்க்கவும் அவர்களிடம் கேட்கலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.