பெட்ஸெட்: சுவர்களின் வெற்றியும் எந்திரங்களின் தோல்வியும்

லண்டன் மாநகரின் தென்பகுதியில், சட்டன் உள்ளாட்சி எல்லைக்கு உட்பட்ட ஹேக்பிரிட்ஜில் 2002-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பெட்ஸெட் குடியிருப்பு, வளங்குன்றா வடிவமைப்பைத் தனி வீட்டிலிருந்து ஒரு குடியிருப்புப் பகுதி முழுமைக்கும் விரித்துப் பார்த்த முன்னோடி முயற்சியாகும். கட்டடம் எழும்பும்போதும் அதில் மக்கள் வாழும்போதும் செலவாகும் ஆற்றலையும் நீரையும் பொருள்களையும், வருங்காலத் தலைமுறையின் பங்கில் கைவைக்காத அளவுக்குக் குறைக்கும் திட்டமிடல் முறையே வளங்குன்றா வடிவமைப்பு எனப்படுகிறது. பீபடி அறக்கட்டளை, பயோரீஜனல் என்னும் சூழல் அமைப்பு, கட்டடக் கலைஞர் பில் டன்ஸ்டர் ஆகியோரின் கூட்டு முயற்சியில் உருவான இக்குடியிருப்பில், ஏறத்தாழ நூறு வீடுகளும் அவற்றோடு ஒட்டிய பணியிடங்களும் அமைந்தன. நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள்களின்றி, தனக்கு வேண்டிய ஆற்றலைத் தன் எல்லைக்குள்ளேயே ஆக்கிக்கொள்வது அதன் குறிக்கோளாக இருந்தது.

அக்குறிக்கோளில் நிலைத்து நின்ற பகுதி, கட்டடத்தின் உடலோடு கலந்துவிட்ட பகுதியே ஆகும். எந்திரத்தை நாடாமல், திசை, சுவர், சாளரம் ஆகியவற்றைக் கொண்டே உள்வெப்பத்தைச் சீராக்கும் இவ்வணுகுமுறையை இயல்முறை வடிவமைப்பு எனலாம். குளிர்கால வெயிலைப் பெறும்படி வீடுகள் தெற்கு நோக்கி வைக்கப்பட்டன. கணினிகளாலும் ஆள்நெருக்கத்தாலும் எளிதில் சூடேறும் பணியிடங்கள், வடக்கே நிழல் விழும் பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டு, அவற்றின் கூரைகள் வீடுகளுக்குரிய தோட்டங்களாயின. சுமார் 300 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெப்பக்காப்பு அடுக்கும் மும்மடிக் கண்ணாடிச் சாளரங்களும், சமையலும் மனித உடலும் வெளியிடும் வெப்பத்தைக்கூட வெளியேறவிடாமல் காத்தன. 2007-இல் எடுக்கப்பட்ட அளவீடுகளின்படி, வெப்பமூட்டுவதற்கான ஆற்றல் அவ்வட்டாரச் சராசரியைவிட ஏறத்தாழ 80 விழுக்காடும், மின்சாரம் 45 விழுக்காடும் குறைவாகச் செலவாயின. குடியிருப்பவரின் அக்கறையையோ பராமரிப்பவரின் திறமையையோ பெரிதும் நம்பியிராமல் நாள்தோறும் பயன் தருவதே இம்முறையின் தலையாய வலிமை. எனினும், கோடையில் சில வீடுகள் மிகுதியாகச் சூடேறியதை நோக்கினால், குளிருக்கென வகுத்த தீர்வு வெயிலுக்கும் பொருந்துமா என்பதைத் தொடக்கத்திலேயே எடைபோட்டிருக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

எந்திரங்களை நம்பிய பகுதி இதற்கு நேர்மாறான முடிவைக் கண்டது. மரச் சில்லுகளை எரிவாயுவாக்கி, மின்சாரத்தையும் வெந்நீரையும் ஒருங்கே தருமாறு நிறுவப்பட்ட சிறு நிலையம், இடையறாத கண்காணிப்பை வேண்டிய முதிராத தொழில்நுட்பமாக இருந்தமையால் அடிக்கடி பழுதுபட்டு, 2005-இல் நின்றுபோனது. அதன் இடத்தை, எதைத் தவிர்க்கவென்று குடியிருப்பு எழுந்ததோ அந்தப் புதைபடிவ எரிவாயுவால் இயங்கும் கொதிகலன்களே நிரப்பின. தாவரங்களையும் நுண்ணுயிர்களையும் கொண்டு கழிவுநீரைத் தூய்மையாக்கிய அமைப்பும் இயக்கச் செலவு தாளாமல் கைவிடப்பட்டது. நூறு வீடுகளுக்கென ஒரு மின் நிலையத்தையும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தையும் நடத்த, பல்லாயிரம் வீடுகளுக்கான நிலையத்துக்கு வேண்டிய அதே வகைத் தேர்ச்சியுள்ள ஆள்களே தேவைப்படுகின்றனர்; அச்செலவைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களோ மிகச் சிலவே. ஆகவே, குறைபாடு கருவியில் மட்டுமன்றி, தன்னிறைவை ஒரு சிறு எல்லைக்குள் தேடிய கொள்கையிலும் இருந்தது எனல் வேண்டும்.

எல்லை பற்றிய இச்சிக்கல் மக்களின் வாழ்க்கைமுறையிலும் வெளிப்பட்டது. ஒருவரின் நுகர்வை ஈடுசெய்யத் தேவைப்படும் நிலம், நீர்ப்பரப்பு ஆகியவற்றின் அளவான சூழலியல் தடத்தைக் கணக்கிட்டபோது, உலக மக்கள் அனைவரும் பெட்ஸெட்வாசிகளைப் போல வாழ்ந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பூமிகள் தேவைப்படும் என்பது தெரியவந்தது. உணவு, விமானப் பயணம், மருத்துவமனை, சாலை ஆகியவை வீட்டை வடிவமைப்பவரின் கைக்கு எட்டாதவை என்பதே இதற்குக் காரணம். ஆயினும், விற்பனை வீடுகளையும் குறைந்த வருவாயினருக்கான வாடகை வீடுகளையும் ஒரே வரிசைகளில் கலந்து அமைத்ததும், கார்களைப் பின்னுக்குத் தள்ளி நடைவழிகளுக்கு முன்னுரிமை தந்ததும், அண்டை அயலாரிடையே அவ்வட்டாரத்தில் காண்பதைவிட நெருக்கமான பழக்கத்தை வளர்த்தன என்பதை மறுக்க இயலாது.

தன் தோல்விகளை மறைக்காமல், 2009-இல் வெளியான மதிப்பீட்டு அறிக்கையில் பதிவு செய்ததால், பெட்ஸெட் பிற்காலத் திட்டமிடலாளருக்குத் தன் வெற்றிகளுக்கு நிகரான பயனைத் தந்தது. புதிய வீடுகள் அனைத்தும் 2016 முதல் கார்பன் வெளியேற்றமற்றவையாக இருக்க வேண்டும் என 2006-இல் அறிவித்த பிரிட்டன் அரசு, 2015-இல் அதைக் கைவிட்டது. எனினும், சுவரையும் சாளரத்தையும் முதலில் செம்மைப்படுத்த வேண்டும் என்னும் பெட்ஸெட்டின் பாடம், அரசின் முடிவால் மதிப்பிழக்கவில்லை. ஒரு குடியிருப்பின் வளங்குன்றாமையை அதன் திறப்பு நாளில் பூட்டப்பட்ட கருவிகளைக் கொண்டு அளப்பது பிழையாகும். பராமரிப்புப் பொறுப்பை யார், எந்தச் செலவில், எத்தனை ஆண்டுகள் சுமப்பர் என்பதை வரைபடத்தோடு சேர்த்தே தீர்மானிக்காத எந்தத் திட்டமும் பாதியளவே திட்டமிடப்பட்டதாகும்.