நான்கு கட்டங்களுக்குள் ஒரு தெரு

1950 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் ஏழு நாளிதழ்களில் ‘பீனட்ஸ்’ படக்கதை தொடங்கியது. வரைந்தவர் மின்னசோட்டாக்காரரான சார்லஸ் ஷூல்ஸ். விநியோக நிறுவனம் வைத்த அந்தப் பெயர் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

பல ஆண்டுகள் தினசரிக் கதைக்கு ஒரே அளவில் நான்கு கட்டங்கள். பத்திரிகைகள் இடத்துக்கேற்ப அவற்றைக் குறுக்காகவோ நெடுக்காகவோ சதுரமாகவோ அடுக்கிக்கொள்ளலாம். அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு தெருப் பிள்ளைகளின் ஏக்கம், பொறாமை, பாசம் எல்லாவற்றையும் ஷூல்ஸ் கொண்டுவந்தார். பெரியவர்களுக்கு அங்கே ஏறக்குறைய இடமே இல்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனான சார்லி பிரவுன் பந்தை உதைக்க ஓடிவருவான். பந்தைப் பிடித்திருக்கும் சிறுமி லூசி கடைசி நொடியில் அதை இழுத்துக்கொள்வாள். அவன் அந்தரத்தில் பறந்து மல்லாக்க விழுவான். அடுத்த முறையும் அவளை நம்பி ஓடிவருவான். கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு வளைகோடு. அவ்வளவிலேயே அவன் மனசு நமக்குத் தெரிந்துவிடும்.

1968-ல் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பின், ஓர் ஆசிரியை ஷூல்ஸுக்கு எழுதிய கடிதத்தின் விளைவாக பிராங்க்ளின் என்ற கறுப்பினச் சிறுவன் கதைக்குள் வந்தான். கடற்கரையில் சார்லி பிரவுனோடு சேர்ந்து மணல்வீடு கட்டினான்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், உதவியாளர் இல்லாமல் ஷூல்ஸே வரைந்தார். முதுமையில் கை நடுங்கியபோது கோடுகளும் நடுங்கின; பேனாவை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. கடைசி ஞாயிறுக் கதை 2000 பிப்ரவரி 13 அன்று வெளியானது. முந்தைய இரவுதான் அவர் காலமானார். தனக்குப் பின் வேறு யாரும் அதைத் தொடரக் கூடாது என்பது அவர் விருப்பம். இன்றும் பத்திரிகைகளில் வருபவை அவர் கையால் வரைந்த பழைய கதைகளே.