தண்ணீரை அளக்கும் புல்போர்கள்

அமெரிக்க ஓவியர் மார்ட்டின் ஜான்சன் ஹீட் (1819–1904) நூற்றுக்கும் மேற்பட்ட உப்புச் சதுப்பு ஓவியங்களைத் தீட்டியவர். மாசசூசெட்ஸ் கடலோரத்து நியூபரி, நியூபரிபோர்ட் சதுப்புகளே அவற்றின் முக்கியக் களம். அதே புல்வெளி, அதே வளைந்த ஓடை. இத்தனை முறை தீட்ட அங்கே என்னதான் இருக்கிறது? ஒளி என்பார்கள். ஒளியையே பொருளாகக் கொண்ட 'லூமினிஸ்ட்' ஓவியர் வரிசையில் அவரை உட்காரவைத்து, அந்திச் சிவப்பைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அந்தப் புகழ்ச்சி இடம்மாறி விழுகிறது.

அலையைத் தீட்டிவிடலாம், ஓதத்தைத் தீட்டுவது கடினம். ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு ஏறும் தண்ணீர், பார்ப்பவன் கண்ணுக்குச் சும்மா கிடப்பதாகவே தெரியும். ஹீட் கண்டுபிடித்த வழி, புல்போர். சதுப்பின் மேட்டில் விளையும் உப்புப் புல்லை அறுத்து, சேற்றில் நெருக்கமாக அடித்த முளைகளின்மேல் போராக அடுக்குவது அந்நாளில் அப்பகுதி உழவர் வழக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதம் அந்த மேட்டையும் மூடிவிடும் என்பதால்தான் முளைகள். நிலம் உறைந்த பிறகு சறுக்குவண்டியில் ஏற்றிப் போவார்கள். ஆக, போரின் அடிமட்டம் என்பது தண்ணீர் எதுவரை வரும் என்று உழவர் போட்டுவைத்த கணக்கு. ஹீட்டின் நல்ல படங்களில் ஓடை அசையாமல் கிடந்தாலும் இந்தக் கணக்கு கண்ணில் படுகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் 'நியூபரிபோர்ட் மெடோஸ்' 27 செ.மீ. உயரம், 56 செ.மீ. அகலம்தான். மலையோ கோபுரமோ இல்லாத அந்தத் தட்டை நிலத்தில் தூரத்தைச் சொல்பவையும் சிறுத்துக்கொண்டே போகும் போர்கள்தாம்.

குறையும் உண்டு, சிறிதல்ல. பல படங்களில் ஓடை புல் விளிம்புவரை நிறைந்திருக்கிறது. வற்றும்போது வெளிப்படும் கருஞ்சேறு முகம் காட்டுவதில்லை. ஆங்கில ஓவியர் டர்னர் 1830இல் காட்சிக்கு வைத்த, பிரான்ஸின் கலே கடற்கரை ஓவியத்தில், வற்றிய ஈரமணலில் தூண்டில் இரை பொறுக்கும் பெண்கள் குனிந்து நிற்கிறார்கள். ஓதம் அங்கே வயிற்றுப்பாட்டின் நேரம். ஹீட்டின் சதுப்பிலும் உழைப்பு இருக்கிறது, ஆனால் ஆட்கள் பொட்டுகளாகச் சுருங்கிவிடுகிறார்கள். கொசுவும் நாற்றமும் எட்டாத தொலைவிலிருந்து பார்க்கும் கண் அது.

இன்னொன்று, சூத்திரம். போரை இடம்மாற்றி, மாட்டைச் சேர்த்து, வானத்தின் நிறத்தை மாற்றினால் அடுத்த படம் தயார். இது அவருக்கே தெரிந்திருந்தது போலும். 'கிரெம்லின் இன் த ஸ்டுடியோ' என்ற குறும்பு ஓவியத்தில், மரக்கால்கள் தாங்கி நிற்கும் சதுப்புப் படத்திலிருந்து தண்ணீர் தரையில் ஒழுக, கீழே ஒரு குட்டிப்பூதம் கும்மாளமிடுகிறது. தன் சரக்கைத் தானே இப்படிக் கிண்டலடித்த இயற்கைக்காட்சி ஓவியர்கள் அதிகமில்லை.

1883இல் புளோரிடா போனபின் தொழிலதிபர் ஹென்றி ஃப்ளாக்லருக்காக அவர் தீட்டிய 'கிரேட் புளோரிடா சன்செட்' (1887), ஒளியல்ல, போர்களே அவர் பலம் என்ற வாதத்துக்குச் சரியான சோதனை. ஒளி அதில் கொட்டிக் கிடக்கிறது, கித்தானும் பிரம்மாண்டம். ஆனால் தண்ணீருக்கு அளவுகோல் இல்லை, படம் வெறும் அந்தியாக நின்றுவிடுகிறது. ஒளியே ஹீட்டின் பலம் என்றால் இதுவல்லவா அவருடைய உச்சமாக இருந்திருக்க வேண்டும்? டர்னர் தந்த ஈரத்தை ஹீட் தரவில்லை. ஓதத்தின் உயரத்தை அவ்வளவு துல்லியமாகத் தந்தவர் டர்னருமல்ல. அந்த நூற்றுச் சொச்சத்தில் போர்கள் முன்வந்து நிற்கும் சின்னக் கித்தான்களை முதல் வரிசையில் மாட்டலாம். அந்திச் சிவப்பை மட்டும் நம்பியவற்றைக் கிடங்குக்கு அனுப்பலாம்.