இளஞ்சிவப்பு டாங்கி: ஒரு கலை மாணவரின் படைப்பு குறித்த திறனாய்வு

இளஞ்சிவப்பு டாங்கி என்பது, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராக்கில், டேவிட் செர்னி என்னும் கலை மாணவர் தம் நண்பர்களுடன் 1991 ஏப்ரல் இறுதியில் செய்த படைப்பு ஆகும். சோவியத் படையின் நினைவுச்சின்னமாக நின்றிருந்த ஒரு டாங்கிக்கு, அதாவது பீரங்கி பொருத்திய கவச ஊர்திக்கு, அவர்கள் ஓர் இரவில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசினர். இது கலையா, குறும்பா, குற்றமா என்னும் கேள்வி அன்றே எழுந்தது. அக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாணவரும் காலமும்

செர்னி 1967இல் பிராக்கில் பிறந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், நாட்டில் தொடங்கிய சீர்திருத்தங்களை ஒடுக்குவதற்காகச் சோவியத் ஒன்றியத்தின் தலைமையில் வார்சா ஒப்பந்தப் படைகள் டாங்கிகளுடன் நுழைந்தன. அதை எதிர்த்து யான் பாலக் என்னும் பல்கலைக்கழக மாணவர் 1969 ஜனவரியில் தீக்குளித்து இறந்தார். சோவியத் வீரர்கள் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டிலேயே தங்கியிருந்தனர். எனவே செர்னியின் தலைமுறைக்கு டாங்கி என்பது வரலாற்றுப் பாடத்தில் வரும் படம் மட்டும் அன்று.

1988இல் அவர் பிராக்கின் கலை, கட்டடக்கலை, வடிவமைப்பு உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு நவம்பர் 17 அன்று, மாணவர் ஊர்வலத்தைக் காவல்துறை நாரோத்னி தெருவில் மறித்துத் தாக்கியது. மறுநாளே நாடகக் கல்லூரி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். பிற கல்லூரிகளும் தொடர்ந்தன. டிசம்பர் 29 அன்று நாடக ஆசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவரானார். செர்னி கல்லூரியில் சேர்ந்தபோது இருந்த ஆட்சி, 1994இல் அவர் படிப்பை முடித்தபோது இல்லை. நாடும்கூட இரண்டாகப் பிரிந்திருந்தது.

மாணவராக இருந்தபோதே, 1990இல், நான்கு கால்களுடன் நிற்கும் டிரபான்ட் மகிழுந்துச் சிற்பத்தைச் செர்னி உருவாக்கினார். 1989இல் பிராக்கில் உள்ள மேற்கு ஜெர்மனித் தூதரகத்தில் தஞ்சம் புகுந்த கிழக்கு ஜெர்மானியர்கள் தங்கள் டிரபான்ட் வண்டிகளைத் தெருக்களிலேயே விட்டுச் சென்றனர். அச்சிற்பம் அதை நினைவூட்டுகிறது. தெருவில் கண்ட பொருளைச் சற்றே மாற்றி, அதன் பொருளைத் தலைகீழாக்கும் முறை அப்போதே அவரிடம் இருந்தது.

சின்னமும் அதன் உண்மையும்

ஸ்மீகோவ் பகுதியில் நின்ற அந்த டாங்கி 1945 ஜூலையில் நிறுவப்பட்டது. நாஜிகளிடமிருந்து பிராக்கை மீட்க மே 9 அன்று முதலில் நுழைந்த சோவியத் டாங்கியை அது குறிப்பதாகக் கூறப்பட்டது. உண்மையில் முதலில் நுழைந்தது டி-34 வகையைச் சேர்ந்த 24ஆம் எண் டாங்கி. அதன் தளபதி இவான் கோன்சரென்கோ அன்றே பிராக்கில் உயிரிழந்தார். மேடையில் நின்றதோ ஐஎஸ்-2 என்னும் கனரக வகை. அதன் மேல் எழுதப்பட்டிருந்த எண் 23. மாணவர்கள் வண்ணம் பூசுவதற்கு முன்பே அச்சின்னத்தின் மேல் ஒரு பூச்சு இருந்தது எனலாம்.

நிறம் மாறிய நாட்கள்

மாணவர்கள் டாங்கியின் மேல் உயர்த்திய பெரிய விரல் ஒன்றையும் வைத்தனர். சோவியத் தரப்பு கண்டனம் தெரிவித்தது. செர்னி கைது செய்யப்பட்டார்; பொது அமைதியைக் குலைத்தார் என்பது குற்றச்சாட்டு. 1976இல் பிளாஸ்டிக் பீப்பிள் இசைக்குழுவினரைக் கம்யூனிச அரசு சிறைக்கு அனுப்பியதும் இவ்வகைக் குற்றச்சாட்டின் பேரில்தான். ஆட்சி மாறியது, சட்டம் மாறவில்லை.

சில நாட்களில் டாங்கி மீண்டும் பச்சையானது. கைதைக் கண்டித்து மே 16 அன்று 15 நாடாளுமன்ற உறுப்பினர்கள், தங்களுக்குரிய சட்டப் பாதுகாப்பைப் பயன்படுத்தி, அதை மறுபடியும் இளஞ்சிவப்பாக்கினர். செர்னி விடுவிக்கப்பட்டார். ஜூன் மாதத்தில் டாங்கி மேடையிலிருந்து அகற்றப்பட்டது. அதே மாதம் கடைசி சோவியத் படையினரும் நாட்டைவிட்டு வெளியேறினர்.

மதிப்பீடு

இப்படைப்பின் வலிமை அதன் எளிமையில் உள்ளது. அவர்கள் டாங்கியை உடைக்கவில்லை, எரிக்கவில்லை. குழந்தைகளின் பொம்மைக்கு ஏற்ற ஒரு நிறத்தைப் பூசினார்கள். அச்சம் தரும் பொருள் அந்நிறத்தில் அச்சம் தரும் ஆற்றலை இழந்தது. விரலோ அவ்வளவு நுட்பமானது அன்று. நிறம் பார்ப்பவரைச் சிந்திக்க வைக்கிறது. விரல் வசைபாடிவிட்டு முடிந்துவிடுகிறது. விரல் இல்லாமலே இப்படைப்பு முழுமை பெற்றிருக்கும்.

இதற்கு எதிரான வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. 1945இல் வந்த டாங்கி நாட்டை விடுவித்தது. 1968இல் வந்தது நாட்டை அடக்கியது. சின்னம் ஒன்று, நினைவுகள் இரண்டு. 1968ஐக் கேலி செய்த வண்ணம், 1945இல் உயிர்விட்ட வீரர்கள் மீதும் விழுந்தது. கோன்சரென்கோ போன்றோருக்கு இதில் நீதி கிடைக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்க இயலாது. ஆனால் அந்த அநீதியைத் தொடங்கியவர்கள் மாணவர்கள் அல்லர். ஒரு வீரனின் மரணத்தை வேறொரு வண்டியும் வேறொரு எண்ணும் கொண்டு நினைவுகூர்ந்த ஆட்சியே அதைத் தொடங்கியது.

இரண்டு பூச்சுகளும் ஒரே நிறம் என்றாலும் ஒரே மதிப்புடையவை அல்ல. உறுப்பினர்களின் செயல் நேர்மையான அரசியல் ஆதரவு. ஆனால் அவர்களுக்குச் சட்டத்தின் காப்பு இருந்தது. மாணவர்களுக்கு அது இல்லை. புதிய சுதந்திரம் எந்த எல்லை வரை செல்லும் என்பதைத் தன் கைதின் மூலம் காட்டியது முதல் பூச்சே. இக்காரணத்தால் அதையே கலை என்று கொள்ள வேண்டும். இரண்டாவது அக்கலைக்குக் கிடைத்த சாட்சியம்.

இன்று அந்த டாங்கி, இளஞ்சிவப்பு நிறத்திலேயே, லேஷானி இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது. அங்கே அதற்குப் பாதுகாப்பு கிடைத்தது. மேடையும் நகரமும் போயின. நடுத்தெருவில் மக்களைக் கேள்வி கேட்ட பொருள் இப்போது வரிசையில் ஒரு காட்சிப்பொருள். அதைக் காணும் மாணவர்கள் நிறத்தைக் கண்டு சிரிப்பதோடு நின்றுவிடாமல், அதைப் பூசியவர் அந்த இரவில் எதை இழக்கத் துணிந்தார் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.