ஊழும் பொருளும் ஆற்றுப்படையும்

வறுமையுற்ற ஒருவர் நூலகத்தினுள் நுழைந்தால் அவர் கைக்கு எத்தகைய நூல் எட்டும்? இலக்கியத் திறனாய்வில் இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. கவிதையின் நயத்தையும் கதையின் அமைப்பையும் ஆராயும் நாம், நற்பேற்றைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் உதவி பெறும் வழியைப் பற்றியும் அமைந்த நூல்களை இலக்கியத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். நம் முன்னோர் அவ்வாறு நிறுத்தவில்லை. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். நல்குரவு, இரவு, இரவச்சம் என வறுமைக்கும் கேட்டலுக்கும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக நான்கும், பொருள் வேண்டி வழிநடக்கும் கலைஞர்க்கு உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டுபவை.

எனவே இம்மூவகை எழுத்தையும் திறனாய்வின் பொருளாகக் கொள்வது புதுமையன்று. இன்றைய நூலகத்தில் ஊழ் நூலும் பொருள் நூலும் நிறைந்திருக்க, ஆற்றுப்படை மட்டும் ஏன் இல்லாது போயிற்று என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது.

முதல் அடுக்கு: ஊழ்

சோதிடம், எண்கணிதம், கைரேகை, மனையடி, மணிக்கல் ஆகியவை குறித்த நூல்கள் முதல் அடுக்கில் உள்ளவை. பெங்களூருக்கு இத்துறையில் தனியொரு வரலாறு உண்டு. பி.வி. ராமன் (1912-1998) இந்நகரிலிருந்து 1936 முதல் 'அஸ்ட்ராலஜிகல் மேகஸின்' என்னும் ஆங்கில இதழை நடத்தி, உலகெங்கும் வாசகரைப் பெற்றார். இதே நகரில் 1976இல், பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எச். நரசிம்மையா அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழுவை அமைத்தார். ஓர் ஊர் இவ்விரு போக்குகளுக்கும் இடம் தந்திருப்பது, நற்பேறு பற்றிய வழக்கு இங்கே எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும்.

அரசுகளும் இவ்வழக்கிலிருந்து விலகி நிற்கவில்லை. தமிழ்நாடு அரசு 1968இல் பரிசுச் சீட்டைத் தொடங்கி, 2003இல் அதனைத் தடை செய்தது. கருநாடகத்தில் 2007இல் தடை வந்தது. சீட்டு மறைந்தபின்னும் அதனை வாங்கிய மனநிலை மறையவில்லை.

சோதிடம் மெய்யோ பொய்யோ என்னும் வாதத்துள் நாம் இங்கே புகவில்லை. ஒரு நூல் தன் வாசகரை எவ்வாறு நடத்துகிறது என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டியது. ஊழ் நூல் 'எப்போது' என்னும் வினாவுக்கு மட்டும் விடை தருகிறது. இன்ன பெயர்ச்சிக்குப் பின், இன்ன திசை முடிந்த பின் நன்மை வரும் என்கிறது. 'எங்கே செல்வது, யாரிடம் கேட்பது' என்னும் வினாவுக்கு அதனிடம் விடை இல்லை. வாசகர் காத்திருக்கக் கற்கிறார், நடக்கக் கற்பதில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பதினைந்து நாளில் செலுத்த வேண்டிய தந்தைக்கு இரண்டரை ஆண்டுக்குப் பின் வரும் பெயர்ச்சி என்ன பயன் தரும்?

வள்ளுவரின் ஊழதிகாரம் இவ்வகையைச் சார்ந்ததன்று. ஊழின் வலிமையை அவர் ஒளிக்காமல் சொன்னார். முயற்சியும் சோம்பலுங்கூட ஊழின் வழி வருவன என்னும் அளவுக்குச் சென்றார். ஆயினும் 38ஆம் அதிகாரத்தில் அவ்வாறு பேசியவர், 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில், சோர்வின்றி உழைப்பவர் ஊழையும் பின்னிடச் செய்வர் என்று உறுதி கூறினார். இரண்டையும் ஒருசேரக் கற்பவரே வள்ளுவரைக் கற்றவர். நம் அண்டை மொழியாகிய கன்னடத்தில் டி.வி. குண்டப்பாவின் 'மங்குதிம்மன கக்க' (1943) விதியைப் பற்றி மீண்டும் மீண்டும் பேசினும், அதன் பேச்சு மனத்திண்மையை நோக்கியே செல்வது ஒப்பு நோக்கத்தக்கது.

இரண்டாம் அடுக்கு: பொருள்

பணம் சேர்க்கும் கலையைப் போதிப்பவை இரண்டாம் அடுக்கு நூல்கள். அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தத்தின் காலத்தில், 1937இல், நெப்போலியன் ஹில் எழுதிய 'திங்க் அண்ட் குரோ ரிச்' இவ்வகையின் மூதாதை எனலாம். 1997இல் ராபர்ட் கியோசாகியின் 'ரிச் டாட் புவர் டாட்' வந்தது. இவையும் இவை போன்ற பிறவும் தமிழில் பெயர்க்கப்பட்டு இன்று எந்தப் புத்தகக் கண்காட்சியிலும் முன்வரிசையில் நிற்கின்றன. இவற்றுக்கு முன்னரே அப்துற் றஹீமும், பின்னர் 'எண்ணங்கள்' எழுதிய எம்.எஸ். உதயமூர்த்தியும் தமிழ் இளைஞர்க்கு ஊக்கம் தரும் நூல்களை ஆக்கினர். சோர்ந்த உள்ளத்தை நிமிர்த்தியதில் இவ்விருவர் பங்கு சிறிதன்று. பிறந்த குலமும் சாதகமும் வாழ்வை முடித்துவிடும் என்று நம்பியிருந்த வீடுகளுக்குள் 'உன்னால் முடியும்' என்னும் செய்தியைக் கொண்டு சென்றமை ஒரு சமூகத் தொண்டே.

எனினும் இவ்வகை நூலின் உள்ளமைப்பை நாம் நோக்க வேண்டும். சேமித்தலும் முதலீடு செய்தலும் கையில் சிறிது மிச்சம் உள்ளவர்க்கே இயலும். மாதத்தின் இருபதாம் நாளில் கையில் ஒன்றுமில்லாதவர் இந்நூலின் வாசகர் அல்லர். வெற்றி பெற்றால் அது நூல் காட்டிய நெறியின் வெற்றி. தோற்றால் அது வாசகரின் எண்ணத்தில் இருந்த குறை. நோயாளியையே நோய்க்குப் பொறுப்பாக்கும் மருத்துவம் போன்றது இது. மேலும், கேட்டுப் பெறுதலை இந்நூல்கள் ஏறத்தாழத் தோல்வியாகவே கருதுகின்றன. தனி ஒருவன் எழுந்து நின்றான் என்பதே அவை மீண்டும் மீண்டும் சொல்லும் கதை. அவனுக்குக் கை கொடுத்தவர் யார் என்பது அக்கதையில் இடம்பெறுவதில்லை.

விரைவில் பெருகும் செல்வம் என்னும் கனவின் விலையைப் பெங்களூர் அறியும். 2019இல் ஐ.எம்.ஏ. என்னும் முதலீட்டு நிறுவனம் சரிந்தபோது பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு முடங்கிற்று. எளிய மக்கள் வீட்டு நகையை விற்றும் அதில் பணம் இட்டிருந்தனர். பொருள் நூல்கள் ஆசையைக் கற்பித்த அளவுக்கு எச்சரிக்கையைக் கற்பிக்கவில்லை என்பதை இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க இயலாது.

இல்லாத அடுக்கு: ஆற்றுப்படை

ஆற்றுப்படையின் இலக்கணத்தைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் காட்டுகிறது. பரிசில் பெற்று மீளும் கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியும், எதிரே வரும் வறியவர்க்குத் தாம் பெற்ற வளத்தைச் சொல்லி, அவரும் சென்று பயன்பெற வழிப்படுத்துவது ஆற்றுப்படை. இவ்விலக்கணத்துள் நான்கு செய்திகள் அடங்கியுள்ளன.

முதலாவது, சொல்பவர் பெற்றவர். அவர் சொல்வதற்கு அவர் கையில் உள்ள பரிசிலே சான்று. கேட்பவரிடமிருந்து அவர் கட்டணம் பெறுவதில்லை.

இரண்டாவது, வழி பெயரோடு சொல்லப்படுகிறது. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளே உடைய பாட்டு. அதனுள் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. நெய்தல் நிலத்து ஊரில் மீன் கிடைக்கும், மருத நிலத்து ஊரில் நண்டுக் கறியோடு சோறு கிடைக்கும் என வழியில் உண்ணும் உணவும் கூறப்படுகிறது. அதன் பின்னரே இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் நகரமும் அதன் தலைவன் நல்லியக்கோடனும் வருகின்றனர். பசித்தவன் உதவி கிடைக்கும் இடம்வரை உயிரோடு சென்று சேர வேண்டும் என்பதைப் புலவர் மறக்கவில்லை.

மூன்றாவது, வழியின் இடர்கள் மறைக்கப்படவில்லை. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னனின் நாட்டுக்கு வழி கூறுகிறது. பன்றிக்காக வைத்த பொறிகள் இருக்கும் இடம், பாசி படிந்து வழுக்கும் இடம், யானையை ஓட்டத் தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் வந்து விழும் இடம் என ஒவ்வொன்றையும் எடுத்துரைத்து, எவ்வாறு தப்புவது என்பதையும் அது சொல்கிறது.

நான்காவதும் தலையாயதுமாகிய செய்தி, கேட்பவரின் மானம் காக்கப்படுகிறது. சிறுபாணனின் பழைய வறுமையை நத்தத்தனார் காட்டும் பகுதியை நினைவு கூர்வோம். ஈன்ற நாய் படுத்திருக்கும் அடுக்களை. குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்த உணவு. அறியாமையால் பழிப்பவர் கண்ணில் படாமல் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதனைப் பகிர்ந்து உண்ணும் குடும்பம். இக்கதவடைப்பில் வறுமையின் கொடுமையும் வறியவரின் மானமும் ஒருங்கே நிற்கின்றன. இன்றும் பெங்களூரின் எத்தனையோ வீடுகளில் அக்கதவு அடைத்தே இருக்கிறது. உதவி பெறும் வழியை அறியாமை ஒரு காரணம். கேட்க நாணுதல் மற்றொரு காரணம்.

இந்நாணத்தை வள்ளுவர் அறிந்திருந்தார். இரவச்ச அதிகாரத்தில் கேட்பதன் இழிவைக் கடுமையாகச் சொன்ன அவரே, அதற்கு முந்தைய 106ஆம் அதிகாரத்தை, தக்கவரிடம் கேட்கலாம், அவர் ஒளித்தால் பழி அவரையே சாரும் என்னும் கருத்தோடு தொடங்கினார். ஒளிப்பவரிடம் பழியை நிறுத்திய இக்கருத்து, இன்றைய நலத்திட்டங்கள் அனைத்துக்கும் முகப்பில் எழுதத்தக்கது.

ஆற்றுப்படைக்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். அவை மன்னரைப் புகழ எழுந்த பாட்டுகள். பரிசிலுக்காகக் கூறிய புகழை வழிகாட்டல் என்று கொள்வது மிகை என்பர். இத்தடையில் உண்மை உண்டு. வாயிலில் நின்று வெறுங்கையோடு திரும்பியவரின் பாட்டு ஆற்றுப்படையுள் இல்லை. ஆனால் அக்குறையைப் புறநானூறு நிறைவு செய்கிறது. நேரில் காணாது அதியமான் அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனாரின் குரலும் நம் இலக்கியமே. எனவே கொடையின் புகழை மட்டுமன்றிக் கொடையின் குறையையும் பதிவு செய்வது தமிழ் மரபுக்கு அயலானதன்று. மேலும் இன்று உதவி என்பது மன்னன் மனம் இரங்கித் தருவதன்று. பெரும்பகுதி சட்டத்தால் வரும் உரிமை. உரிமையாகிவிட்ட பின்னும் அதனை அடையும் வழியைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

நூலகத்தின் கடமை

இவ்விடத்தில் நம் நகரில் வாழ்ந்து மறைந்த ஒரு தமிழரை நினைக்க வேண்டும். சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட சீ.இரா. அரங்கநாதன், தம் இறுதிக் காலத்தைப் பெங்களூரில் கழித்தார். 1962இல் இங்கே ஆவணவியல் ஆய்வு பயிற்சி மையத்தை நிறுவினார். 1972இல் இங்கேயே மறைந்தார். ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் வேண்டும் என்பதும், வாசகரின் காலத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதும் அவர்தம் விதிகளுள் அடங்கும். வாசகரை உரிய நூலிடம் அழைத்துச் செல்வதே நூலகரின் தலையாய பணி என்று அவர் வலியுறுத்தினார். அவர் வகுத்த நூலகர் ஒரு வகையில் ஆற்றுப்படைப் பாணரே.

நம் அடுக்குகள் இவ்விதிகளுக்கு இயைய இல்லை. டூயி பகுப்பு முறையில் சோதிடம் 133இலும், நிதி 332இலும், சமூக நலம் 361, 362இலும், மாணவர்க்கான நிதியுதவி 378இலும் சென்று அமர்கின்றன. துன்பத்தில் வந்தவர்க்கு இவை அனைத்தும் ஒரே வினா. நூலகத்திலோ நான்கு மூலைகள். முதல் இரண்டு மூலைகளில் நூல்கள் குவிந்திருக்க, பின் இரண்டில் தமிழ் நூல்கள் அரிதாகவே உள்ளன.

உதவி இல்லாமல் இல்லை. தெருவோர வணிகர்க்குப் பிணையின்றிக் கடன் தரும் 'ஸ்வநிதி' திட்டம் 2020இல் தொடங்கியபோது முதற்கடன் 10,000 ரூபாயாக இருந்தது. முதியோர்க்கான 'சந்தியா சுரட்சா' ஓய்வூதியத்தைக் கருநாடக அரசு 2007இல் கொண்டுவந்தது. குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் 'கிருகலட்சுமி' 2023இல் தொடங்கிற்று. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும் வறியவர்க்கும் கட்டணமற்ற வழக்குரைஞர் துணையை உரிமையாக்கியது. தனியார் கொடைக்கும் இந்நகரில் பழைய மரபு உண்டு. ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைச் சிறார்க்குத் தொடங்கிய பள்ளி அதற்குச் சான்று. ஆயினும் கன்னட விண்ணப்பத்தை வாசிக்க இயலாத தமிழ்க் கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் இவை கிடங்கில் நகரைவிடத் தொலைவில் உள்ளன.

ஆகவே தமிழ்ச் சங்க நூலகங்கள் தோறும் 'ஆற்றுப்படை அடுக்கு' ஒன்று அமைதல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அதில் வைக்கும் ஏட்டைப் பழைய இலக்கணப்படியே எழுதலாம். பெற்றவர் சொல்ல வேண்டும். எந்த அலுவலகம், எந்தச் சான்றிதழ், எத்தனை நாள் என்பன பெயரோடும் தேதியோடும் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டும். வழியின் பொறிகளும் அதில் இடம்பெற வேண்டும்: கடன் தருமுன் 'கட்டணம்' கேட்பவர், கைப்பேசிச் செயலியில் கடன் தந்து மிரட்டுபவர், அளவுக்கு மீறிய வட்டி உறுதி கூறுபவர். ஒரு நிறுவனம் வைப்புத்தொகை பெற உரிமை உடையதா என்பதை அறிய, ரிசர்வ் வங்கி 2016இல் தொடங்கிய 'சசேத்' தளத்தைப் பார்க்கும் முறையும் எழுதப்பட வேண்டும். விண்ணப்பித்து மறுக்கப்பட்டவரின் அனுபவமும் ஒரு பக்கம் பெறவேண்டும். கேட்க வருபவர் யார் என்று பிறர் அறியாதவாறு அவ்வடுக்கைப் பயன்படுத்தும் வாய்ப்பும் இருத்தல் நன்று.

புறநானூற்றின் 163ஆம் பாட்டில், குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் பேசுகிறார். அன்பு செய்தவர்க்கும், முன்பு கடன் தந்து காத்தவர்க்கும், இன்னார் என்று பாராமல் எல்லார்க்கும் கொடு. என்னைக் கேட்கவும் வேண்டா. சேர்த்து வைக்கவும் எண்ணாதே என்கிறார். பெற்றதைப் பகிர்வது அவர்க்குப் பெருமை. பெற்ற வழியைப் பகிர்வதற்கு நமக்குச் செலவும் இல்லை. கல்வி உதவித்தொகை பெற்ற மாணவரும், ஓய்வூதியம் பெற்ற முதியவரும், கடன் பெற்றுக் கடை வைத்த வணிகரும் நம் சங்கத்துள்ளேயே இருக்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தந்தால் அவ்வேட்டின் முதல் பகுதி இவ்வாண்டே நிறைவுறும்.